தொப்பூர் இறக்கத்துல ஏறுற சார்ஜ்

எலக்ட்ரிக் கார் வாங்கி ஒரு வருஷம் ஆச்சு, இன்னும் எங்க தெருவுல பச்ச நம்பர் பிளேட்ட பாத்தா அதே கேள்விதான், "ஏங்க, வழியில சார்ஜ் தீந்துட்டா என்னா பண்ணுவீங்க?" இத்தனைக்கும் போச்சம்பள்ளில ஓலா, ஓசூர்ல ஏத்தர்னு கரண்டு ஸ்கூட்டரு நம்ம பக்கத்துலதான் செய்றாங்க, ஸ்கூட்டர்னா வாங்கிடுறாங்க, கார்னா மட்டும் பயம்.

எனக்கு தருமபுரில வீடு, கிருஷ்ணகிரில வேல. போக வர 95 கிலோமீட்டர் கிட்ட வரும். என்னோடது 24 யூனிட் பேட்டரி இருக்குற சின்ன கார், ஏசி போட்டு 80லயே போனா 200 கிலோமீட்டர் தாராளமா வருது, 100ல மிதிச்சா அது மளமளன்னு கொறையும். ஒரு நாளைக்கு 13 யூனிட் ஆகுது. ரெண்டு மாச பில்லு 500 யூனிட்ட தாண்டுனா ஸ்லாப் மாறி ரேட் எகிறிடும், எங்க வீட்டுல தாண்டிடுச்சு, சரி யூனிட்டு 10 ரூபான்னே வச்சுக்கங்க, 130 ரூபா. பழைய பெட்ரோல் கார்ல இதே தூரத்துக்கு 500 ரூபாய்க்கு மேல போட்டுட்டு இருந்தேன்.

ஆனா மொத நாளே வண்டி சார்ஜ் ஏறல. 15 ஆம்பியர் பிளக்குல சொருகுனா செவப்பு லைட்டு. வண்டிதான் கோளாறுன்னு நெனச்சு எனக்கு வயித்த கலக்கிடுச்சு, எலக்ட்ரீசியன் வந்து பாத்துட்டு "அண்ணா வண்டி நல்லாதான் இருக்கு, உங்க வீட்டுக்குதான் எர்த்தே இல்ல, அது இல்லன்னா சார்ஜர் ஏத்தாது"ன்னு சிரிச்சான். இருபது வருஷமா ஃபிரிட்ஜும் கிரைண்டரும் அப்படியேதான் ஓடியிருக்கு பாருங்க. காம்பவுண்டு ஓரமா குழி தோண்டி, கரியும் உப்பும் மாத்தி மாத்தி கொட்டி, பைப்ப நட்டு தண்ணி ஊத்துனதும் பச்ச லைட்டு வந்துச்சு.

நம்ம ஊரு மேடு பள்ளம் வேற, அதுக்கும் ஒரு கணக்கு இருக்கு. சேலம் போறப்ப தொப்பூர் கணவாய் இறக்கத்துல ஆக்சிலேட்டர்ல இருந்து கால எடுத்தா மோட்டாரே வண்டிய இழுத்து புடிச்சு பேட்டரிக்கு கரண்ட் அனுப்பும், மேல 71 பர்சன்ட் இருந்தது கீழ வர்றப்ப 72. அந்த ஒரு பர்சன்ட்டுக்கு எம்பொண்ணு கைதட்டுனா. திரும்பி வர்றப்ப ஏத்தம், குடுத்தத வட்டியோட புடுங்கிக்கும். பெங்களூர் பக்கம் இதுக்கு தலகீழ், ஓசூர் மேட்டுல இருக்குறதால போறப்ப தின்னும், வர்றப்ப மிச்சம் புடிக்கும்.

நாமக்கல் கல்யாணத்துக்கு போனதுதான் மறக்க முடியாது. திரும்பி வர்றப்ப சேலம் தாண்டி 12 பர்சன்ட், மொபைல் ஆப்ப பாத்து ஒரு ஓட்டல் சார்ஜருக்கு போனா ஒரு கன்னுக்கு, அதான் வண்டியில சொருகுற பிடிக்கு, ஸ்கிரீனே வரல, இன்னொன்னுல யாரோ ஒருத்தர் 87ல மாட்டிட்டு சாப்புட போயிட்டாரு. 80க்கு மேல ஃபாஸ்ட் சார்ஜர்ல சொட்டு சொட்டாதான் ஏறும், அது தெரியாம 100 ஆகட்டும்னு உக்காந்துருக்காரு மனுஷன். நாப்பது நிமிஷம் நின்னு, அப்புறம் அரைமணி நேரம் போட்டு, வீடு வந்து சேர ராத்திரி பதினொன்ற. அன்னிக்கு எங்க வீட்டம்மா பேசுன பேச்ச இங்க எழுத முடியாது.

அதுக்காக நான் வண்டிய குறை சொல்ல மாட்டேன். வருஷத்துக்கு நாலஞ்சு தடவதான் எனக்கு இப்படி நெடுந்தூரம், வாரா வாரம் மதுரை கோயம்புத்தூர்னு அலையுறவரு இன்னும் கொஞ்ச நாள் பெட்ரோல்லயே ஓட்டட்டும்.

மாடில வாடகைக்கு இருக்குற தம்பி போன வாரம், தானும் வாங்கலாமான்னு கேட்டான். அவனுக்கு ஆபீஸ் அரூர்ல, தூரம் கரெக்டா இருக்கும், ஆனா வண்டி நிறுத்துறது தெருவுல, மேல இருந்து எக்ஸ்டென்ஷன் ஒயர் விட்டுக்கறேங்குறான். வேண்டாம்டா தம்பி, ஒயர் உருகிடும், சொந்தமா ஒரு பிளக் பாயிண்ட் இருக்குற எடத்துக்கு குடி போனதும் வாங்குன்னு சொல்லிட்டேன். கோவம்தான் அவனுக்கு.

இப்ப வெயில்ல மண்ணு காஞ்சு மறுபடியும் செவப்பு லைட்டு எட்டி பாக்குது, அதனால அம்மா தெனமும் துளசிக்கு ஊத்திட்டு மிச்சத்த எர்த் குழிக்கும் ஊத்துறாங்க.