வச்சிருக்கற டிவிடிக்கெல்லாம் 4கே வாங்கணுமா?

புது டிவி வந்ததுலேர்ந்து வீட்ல ஒரே பேச்சுதான். டிவி ஸ்டாண்டுக்குக் கீழ இருக்கற டிஸ்க்கையெல்லாம் என்ன பண்ணப்போற, ஒண்ணு தூக்கிப்போடு, இல்லன்னா டிவிடியவிட தெளிவான புளூரே, 4கே டிஸ்க்கா மாத்து, ரெண்டுல ஒண்ணு பண்ணுன்னு. தம்பி ஒரு படி மேல போய், "அக்கா, இதெல்லாம் யூட்யூப்லயே கெடக்கு, நீ எதுக்கு இன்னும் தூசி தட்டிட்டு இருக்க"ன்னான். சரின்னு ஒரு ஞாயித்துக்கிழமை எல்லாத்தையும் எறக்கி தரையில பரப்பிட்டேன். பாத்த வரைக்கும் எனக்கு தோணுறது, இது மொத்தமா எடுக்கற முடிவே கிடையாது. ஒவ்வொரு டிஸ்க்கா கையில எடுத்து, இந்தப் படத்துக்கு இதைவிட நல்ல காப்பி உலகத்துல எங்கயாவது இருக்கான்னு கேக்கணும். நம்ம ஊர் படங்கள்ல முக்கால்வாசிக்கு பதில் இல்லைன்னுதான் வருது.

மொதல்ல விசிடி. இது 93-ல வந்த ஸ்டாண்டர்ட், ஒரு டிஸ்க்ல 74 நிமிஷத்துலேர்ந்து 80 நிமிஷம் வரைக்கும்தான் படம் புடிக்கும், அதான் நம்ம ரெண்டரை மணி நேரப் படம் ரெண்டு சிடி, கொஞ்சம் நீளமா இருந்தா மூணு சிடின்னு வரும், சரியா சண்டை நடந்துட்டிருக்கும்போது எந்திரிச்சுப்போய் சிடி மாத்தணும். படத்தோட அளவு 352க்கு 288 புள்ளி, அதாவது மொத்தமே ஒரு லட்சம் புள்ளி. 4கே டிவில இருக்கறது 83 லட்சம். அப்போ டிஸ்க்ல இருக்கற ஒவ்வொரு புள்ளிக்கும் டிவி தானா கற்பனை பண்ணி எண்பது புள்ளி சேக்கணும். பழைய 21 இன்ச் டப்பா டிவில நல்லாத்தான் தெரிஞ்சுது, இப்போ 55 இன்ச்ல போட்டா மூஞ்சி எது மூக்கு எதுன்னு தெரியல, டான்ஸ் வந்தா திரை பூரா கட்டம் கட்டமா உடையுது. இதுல என் கையில இருக்கறதுல பாதி, டிவிடியா கூட வராத படங்க. அதனால விசிடிதானேன்னு தூக்கிப்போடவும் முடியல.

அடுத்தது டிவிடி, இதுலதான் கதையே இருக்கு. 2007-ல மோசர் பேர் கம்பெனி 28 ரூபாய்க்கு விசிடி, 34 ரூபாய்க்கு டிவிடின்னு எறக்குன காலம் ஞாபகம் இருக்கா, மளிகைக்கடை கல்லாப்பெட்டி பக்கத்துல எல்லாம் டிஸ்க் தொங்கும், பர்மா பஜார் போய் வாங்கற விலையிலேயே ஒரிஜினல் கெடைக்குதுன்னு எங்க தெருவே வாங்குச்சு. என் சேகரிப்புல பெரும்பகுதி அந்த நாலஞ்சு வருஷத்துல சேந்ததுதான். அதுக்கப்புறம் 3 இன் 1 வந்துச்சு, ஒரே டிஸ்க்ல மூணு படம், அட்டையில மூணு ஹீரோவும் ஒருத்தர் தோள்மேல ஒருத்தர் நிக்கற மாதிரி ஒட்டியிருப்பாங்க. இதுல ஒரு கணக்கு போட்டுப் பாருங்க. ஒரு லேயர் டிவிடில 4.7 ஜிபி. மூணு படம்னா ஏழரை மணி நேரம். வகுத்தா ஒரு செகண்டுக்கு 1.4 மெகாபிட்தான் கெடைக்குது, சத்தத்தையும் சேத்து. விசிடில படத்துக்கு மட்டுமே 1.15 இருந்துச்சு. அதாவது அட்டையில டிவிடின்னு போட்டிருந்தாலும் உள்ள இருந்தது கிட்டத்தட்ட விசிடிக்கான தீனிதான், அதை நாலு மடங்கு பெரிய படத்துக்குப் பங்கு போட்டுக் குடுத்திருக்காங்க. மழை சீன் வந்தா ஏன் அப்படி கலங்குதுன்னு இப்பதான் புரியுது.

தனிப்படமா வந்த டிவிடியும் எல்லாம் ஒண்ணு கிடையாது. ஸ்கோப் படத்தை, அதாவது அகலத் திரைக்குன்னு எடுத்த படத்தை, டிவிடில ரெண்டு விதமா போடலாம். ஒழுங்கா அகலத் திரைக்குன்னு பண்ணியிருந்தா, 480 வரி டிஸ்க்ல 360 வரிக்கு மேல படத்துக்குக் கெடைக்கும். பழைய சதுர டிவிய மனசுல வச்சு மேலயும் கீழயும் கறுப்புப் பட்டையோட சேத்தே பதிஞ்சிருந்தா 270 வரிதான், மீதி வரியெல்லாம் கறுப்பைப் பதியறதுக்கே போயிடும். இந்த ரெண்டாவது வகை டிஸ்க்க இன்னிக்கு டிவில போட்டா நாலு பக்கமும் கறுப்பு, நடுவுல தபால் கார்டு சைஸுக்கு படம். ஜூம் பட்டன அமுக்குனா பெருசாகும், ஆனா கூடவே மூலையில பதிஞ்சிருக்கற டிஸ்ட்ரிபியூட்டர் லோகோவும் பெருசாகும். அந்த லோகோ, நடுநடுவுல ஓடற ஃபோன் நம்பர், இதெல்லாம் படத்தோட ஒட்டிப்போனது, எந்த ஃபார்மேட்டுக்கு மாத்தினாலும் போகாது.

இன்னொண்ணு, இத நெறைய பேர் கவனிக்க மாட்டாங்க. ஃபிலிம்ல ஒரு செகண்டுக்கு 24 ஃப்ரேம். நம்ம ஊர் டிவிக்கான பால் (PAL) முறையில பண்ற டிவிடில 25 ஆக்கி ஓட்டுவாங்க. நாலு சதவீதம் வேகம். 150 நிமிஷப் படம் 144 நிமிஷத்துல முடிஞ்சிடும், சரி ஆறு நிமிஷம் மிச்சம்னு விட்டுடலாம், ஆனா பாட்டும் கொஞ்சம் சுருதி ஏறித்தான் கேக்கும். கேசட்ல கேட்டுக்கேட்டு பழகின பாட்டு படத்துல வரும்போது மட்டும் என்னமோ இடிக்குதேன்னு எனக்கு ரொம்ப நாளா ஒரு உறுத்தல், காரணம் இதுதான். இதுக்கும் மேல, மோனோவுல, அதாவது ஒரே ஸ்பீக்கருக்குன்னு மிக்ஸ் பண்ணின எண்பதுகள் படத்துக்கு, அட்டையில 5.1ன்னு, ஆறு ஸ்பீக்கர் சத்தம்னு பெருசா போட்டு பின்னாடி ஸ்பீக்கர்ல எதிரொலிய மட்டும் விட்ட கொடுமையும் இருக்கு, அதப்பத்தி பேச ஆரம்பிச்சா எனக்கு பிபி ஏறும்.

இவ்வளவு குறை சொல்றியே, அப்போ மாத்த வேண்டியதுதானேன்னா, எதுக்கு மாத்தறது? தமிழ்ல புளூரே வந்ததே கம்மி. வந்ததுலயும் சிலது டிவிடிக்குன்னு பண்ணின மூலப் பிரதியையே இழுத்துப் பெருசாக்கினாங்களோன்னு சந்தேகம் வர்ற ரகம். தியேட்டர்ல 4கே ரீரிலீஸ் அலை அடிக்குதுதான், 2024-ல கில்லி ஓடின ஓட்டம் எல்லாருக்கும் தெரியும், ஆனா அப்படி வர்ற எதுவும் கடையில டிஸ்க்கா என் கண்ணுல பட்டதில்ல. மிஞ்சறது ஓடிடியும் யூட்யூப்பும். தம்பி சொன்ன யூட்யூப் பிரிண்ட்ல நாலஞ்சு படம் போட்டுப் பாத்தேன், எச்டின்னு தலைப்பு இருக்கு, ஒரு படத்துல ரெண்டு பாட்டு காணோம், இன்னொண்ணுல பாட்டு ஓடும்போது சத்தமே இல்ல, உரிமைப் பிரச்சனைன்னு நெனக்கிறேன். இன்னொண்ணுல ஸ்கோப் படத்தோட ரெண்டு பக்கத்தையும் வெட்டி திரை நெறைய வச்சிருக்காங்க, ரெண்டு பேர் பேசற சீன்ல ஒருத்தரோட மூக்கு மட்டும் தெரியுது. என் டிவிடில கலங்கலா இருந்தாலும் முழு மூஞ்சி இருக்கு, பாட்டு இருக்கு. ஓடிடில இருக்கற பிரிண்ட் நெறைய நல்லாவே இருக்கு, அத ஒத்துக்கணும், ஆனா இன்னிக்கு இருக்கும், உரிமைக் காலம் முடிஞ்சா நாளைக்கு இருக்காது.

ஆகவே தமிழ் டிவிடி எல்லாம் இருக்கறபடியே இருக்கட்டும். 3 இன் 1 மட்டும், ஓடிடில நல்ல பிரிண்ட் இருக்கற படங்களா பாத்து கழிச்சுக்கட்டறேன்.

இங்கிலீஷ் படங்களும் மத்த மொழிப் படங்களும் வேற விஷயம். அங்க நெஜமாவே மேல போக எடம் இருக்கு, ஆனா எல்லாத்துக்கும் இல்ல. நான் பாத்துப்பாத்து தெரிஞ்சிக்கிட்ட வேடிக்கை என்னன்னா, புதுப் படத்தைவிட பழைய படத்துக்குத்தான் 4கே நல்லா பொருந்துது. 35 எம்எம் நெகட்டிவ்ல அவ்வளவு விவரம் ஏற்கனவே இருக்கு, திரும்ப ஸ்கேன் பண்ணா போதும். 2000-க்கு அப்புறம் கம்ப்யூட்டர்ல கலர் பண்ணி முடிக்கற வழக்கம் வந்ததும் நெறைய படங்களை 2கேலயே முடிச்சிட்டாங்க, அதாவது 2048 புள்ளி அகலம், புளூரேவோட 1920க்கும் அதுக்கும் பெரிய வித்தியாசமே இல்ல. அந்த மாதிரி படத்துக்கு 4கே டிஸ்க் வாங்கினா பெருசாக்கின 2கேக்குத்தான் காசு குடுக்கறோம்.

நல்ல உதாரணம் சத்யஜித் ரேயோட அப்பு மூணு படங்கள். அதோட ஒரிஜினல் நெகட்டிவ் 1993-ல லண்டன்ல ஒரு லேப்ல நடந்த தீ விபத்துல கருகிப்போச்சு, கருகினதையே எடுத்து இத்தாலில போலோன்யாவுல இருக்கற லேப்ல கையால சரி பண்ணி, தேறாத எடத்துக்கு வேற பிரிண்ட்லேர்ந்து எடுத்துப் போட்டு, 4கேல ஸ்கேன் பண்ணி 2015-ல காட்டினாங்க. என்கிட்ட இருந்த பழைய டிவிடில வெள்ளைக்கோடு மழை மாதிரி விழும். இதுக்கு மாத்தறதுல ஒரு நொடி கூட யோசிக்கல. எதிர்ப்பக்கமும் இருக்கு, ஜேம்ஸ் கேமரூனோட ட்ரூ லைஸ் 4கே 2024-ல டிஸ்க்கா வந்தப்போ கம்ப்யூட்டர வச்சு ரொம்ப சுத்தம் பண்ணிட்டாங்க, ஆள் தோலெல்லாம் வழவழன்னு ஆயிடுச்சுன்னு ரசிகர்கள் அப்படி திட்டினாங்க. புதுசுன்னா நல்லதுன்னு கண்ண மூடிட்டு வாங்க முடியாது, டிஸ்க்குக்கு டிஸ்க் விசாரிக்கணும்.

அப்புறம் நம்ம கண்ணு. எங்க வீட்ல சோபாவுக்கும் டிவிக்கும் நடுவுல ஒம்போது அடி. 55 இன்ச் டிவில, நல்ல பார்வை இருக்கறவங்களுக்கே ஏழு அடிக்கு அந்தப் பக்கம் உக்காந்தா 1080 வரிப் படத்தோட புள்ளி தனியா தெரியாது. கண்ணாடி போட்ட எனக்கு கேக்கவே வேணாம். அதனால எங்க ஹால்ல 4கேவோட கூடுதல் புள்ளி கிட்டத்தட்ட வீண். அதுல மிச்சம் இருக்கற லாபம் எச்டிஆர்னு சொல்ற கூடுதல் கலரும் வெளிச்சமும்தான், அதுவும் ஆயிரம் நிட் வெளிச்சத்துக்குன்னு பண்ணின படத்தை முன்னூறு நிட் வர்ற நடுத்தர டிவில போட்டா பாதிதான் தெரியும். புளூரே டிஸ்க் எங்களுக்கு தாராளமா போதும். ஒரு செகண்டுக்கு 40 மெகாபிட் வரைக்கும் படத்துக்கே போகும், ஓடிடி 4கேக்கு 15 மெகாபிட் இருந்தா போதும்னு அவங்களே சொல்றாங்க, இருட்டு சீன்ல சுவத்துல வளையம் வளையமா படியுதே அது ஏன்னு இப்ப தெரியும்.

இதெல்லாம் யோசிச்சிட்டிருக்கும்போதுதான் அலமாரி அடியில சித்தி கல்யாண கேசட் கெடச்சுது, விஎச்எஸ், 93-ல எடுத்தது. மத்த டிஸ்க்கெல்லாம் காத்திருக்கலாம், இது காத்திருக்காது. சென்னை ஈரப்பதத்துல டேப் ஓரத்துல வெள்ளையா பூஞ்சை பூத்திருக்கு, அத அப்படியே டெக்ல போட்டா ஹெட்டும் கெட்டு டேப்பும் சிக்கிக்கும், மொதல்ல சுத்தம் பண்ணணும். டெக்கும் இனிமே புதுசா கெடைக்காது, கடைசியா செஞ்சிட்டிருந்த ஜப்பான்காரங்க ஃபுனாய் 2016-லயே நிறுத்திட்டாங்க. கேசட்ட மாத்திக் குடுக்கற கடை ஒண்ணுல கேட்டேன், டிவிடில போட்டுத் தரேன்னாரு. வேணாம்ணே, ஃபைலா பென் டிரைவ்ல குடுங்க, டிவிடில போட்டா இன்னொரு தடவை நசுங்கும்னு சொன்னேன். கேசட்ல ஒரு செகண்டுக்கு 50 அரைப்படமா இருக்கும், அத சரியா சேக்காம விட்டா யாராவது கைய ஆட்டினாலே ஓரமெல்லாம் கோடு கோடா கிழியும், அதயும் பாத்துக்கச் சொல்லியிருக்கேன். முன்னாடி எப்பவோ பாத்தது ஞாபகம் இருக்கு, பந்தியில தாத்தா சமையல்காரர்கிட்ட சாம்பாருக்கு சண்டை போடறாரு, வாய் அசையுது, ஆனா வீடியோக்காரர் மேல சினிமா பாட்டப் போட்டு மூடிட்டாரு. என்ன திட்டினாருன்னு இனி எந்த ஃபார்மேட்லயும் தெரியப்போறதில்ல.

விசிடி டிவிடிய காப்பி பண்றது பெரிய செலவில்ல. லேப்டாப்ல டிரைவ் இல்லாததால யுஎஸ்பில மாட்டற டிவிடி ரைட்டர் ஒண்ணு வாங்கினேன். விசிடிய போட்டா எம்பெக்ஏவின்னு ஒரு போல்டர், அதுக்குள்ள ஒரே பெரிய டேட் ஃபைல், அத அப்படியே இழுத்துப்போட்டா விஎல்சி பிளேயர்ல ஓடும். கீறல் விழுந்த டிஸ்க்னா தொண்ணூறு சதவீதம் வரைக்கும் போய், படிக்க முடியலன்னு சிஆர்சி எரர் காட்டி நிக்கும், பல்பொடி பேஸ்ட் வைத்தியமெல்லாம் எனக்கு நம்பிக்கை இல்ல, ஈரத்துணியால நடுவுலேர்ந்து வெளிப்பக்கமா நேரா தொடச்சிட்டு மறுபடி போடறேன், சிலது வருது. முன்னூறு ஒரு லேயர் டிவிடி முழுசா நெறஞ்சிருந்தாலும் ஒன்றரை டிபிதான், ரெண்டு டிபி ஹார்ட் டிஸ்க் ரெண்டு வாங்கி ஒண்ணு வீட்லயும் ஒண்ணு தம்பி வீட்லயும் வச்சா ஆச்சு.

பாக்கி இருக்கறது பிளேயர். ஓப்போ புளூரே பிளேயர் பண்றத 2018-லயே விட்டுட்டாங்க, சாம்சங் அதுக்கடுத்த வருஷம் புது மாடல் போடறத நிறுத்துச்சு, எல்ஜியும் 2024-ல கை கழுவிட்டாங்க. டிஸ்க் வாங்கறத விட அத ஓட்டற பெட்டி கெடைக்கறதுதான் இனிமே கஷ்டம்னு தோணுது. 4கே டிஸ்க்குக்கு ஜோன் பூட்டு, அதாவது ஒரு பகுதி டிஸ்க் அந்தப் பகுதி பிளேயர்லதான் ஓடும்ங்கற கட்டுப்பாடு கிடையாது, எங்க வாங்கினாலும் ஓடும், புளூரேக்கு இருக்கு, நம்ம நாடு சி, அமெரிக்கா ஏ, அதனால அங்கேர்ந்து வரவழைக்கறதுக்கு முன்னாடி பூட்டு இருக்கான்னு பாத்துக்கணும். பிஎஸ்5 கேம் பெட்டில டிஸ்க் போடற மாடல் 4கேயும் ஓட்டும், பிஎஸ்4 ஓட்டாது. பையன் ரெண்டு வருஷமா பிஎஸ்5 கேட்டு நச்சரிச்சிட்டு இருக்கான், வீட்டுக்காரர்கிட்ட நான் வேணாம் வேணாம்னு சொல்லிட்டே இருந்தவ. இப்போ எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு ஆமா வாங்கலாம்னு ஆரம்பிக்கறதுன்னுதான் யோசிச்சிட்டு இருக்கேன்.