அரளிப் புழு அந்துப்பூச்சியாகும் வரை

பாலக்கோடு, பென்னாகரம் பக்கங்களில் மல்பெரித் தோட்டமும் புழுவளர்ப்பு மனையும் வைத்திருப்போருக்குப் பட்டுப்புழுவின் பசியைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் தருமபுரி பட்டுக்கூடு அங்காடிக்கு ஆண்டுக்கணக்கில் கூடு கொண்டுபோகும் குடும்பங்களிலும், அந்தக் கூட்டிலிருந்து பூச்சி வெளிவருவதைப் பார்க்காதவர்கள் உண்டு. பூச்சி துளைத்துக்கொண்டு வந்துவிட்டால், ஒரே இழையாக ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் வரை வரவேண்டிய நூல் பயனற்றுப் போகும் என்பதால், அதற்கு முன்பே கூட்டுப்புழுவை வெப்பத்தில் கொன்றுவிடுகிறார்கள். தொழிலில் அது தவிர்க்க முடியாதது. கூட்டுக்குப் பிறகு நடப்பதையும் பார்க்க வேண்டும் என்ற ஆசையில்தான், அரளி இலையைத் தின்று வளர்ந்து அந்துப்பூச்சியாகும் அரளிப் புழுவை நான் வளர்க்கத் தொடங்கினேன்.

கிருஷ்ணகிரியிலிருந்து தருமபுரி வரும் நெடுஞ்சாலையின் நடுத்திட்டில் அரளி நிற்கிறது. ஆயினும் புகையும் தூசியும் படிந்த அந்த இலையை நான் தொடுவதில்லை. வீட்டு நந்தியாவட்டையே போதும், ஏனெனில் இந்தப் புழு அதையும் விரும்பித் தின்னும். பச்சை இலையில் பச்சைப் புழுவைக் கண் எளிதில் பிடிக்காது. செடிக்கு அடியில் புதிய புழுக்கை கிடக்கிறதா என்று முதலில் பார்த்து, அதற்கு நேர் மேலே உள்ள கிளையைத் தேட வேண்டும். முட்டையிலிருந்து வெளிவந்தவுடன் மஞ்சளாகவும், வாலில் நீண்ட கரிய கொம்புடனும் இருக்கும் புழு, வளர்ந்தபின் விரல் பருமனாகி, பக்கவாட்டில் வெள்ளைப் புள்ளிகளும் முதுகின் முன்பகுதியில் இரண்டு நீலக் கண்புள்ளிகளும் கொண்டிருக்கும். தொந்தரவு செய்தால் தலையை உள்ளே இழுத்து அந்தப் பகுதியைப் புடைக்கச் செய்யும். அப்போது கறுப்பு விளிம்புக்குள் வெளிறிய நீலம் விரிந்து, பொய்க்கண் நம்மையே முறைப்பதாகத் தோன்றும்.

வளர்ப்பு முறையில் பட்டுப்புழுக்காரர்களின் ஒழுக்கம் அப்படியே உதவுகிறது. தோலுரிக்கும் புழுவைத் தொடக்கூடாது. படுக்கையில் ஈரம் தேங்கக்கூடாது. எறும்பு ஏறாதபடி மேசைக் கால்களைத் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்த வேண்டும். மருந்து தெளித்த பூந்தோட்டத்து அரளியைக் கொடுத்தால் புழு மடிந்துவிடும். அரளியின் நஞ்சு மனிதருக்கும் ஆடுமாடுகளுக்கும் இதயத்தைத் தாக்கக்கூடியது. புழுவுக்கோ அதுவே அன்றாட உணவு. ஆகவே இலை பறித்தபின் கைகழுவ மறக்கக்கூடாது, குழந்தைகளிடம் கிளையை விளையாடக் கொடுக்கவும் கூடாது.

முற்றிய புழு உண்பதை நிறுத்தி, பழுப்பேறி, பெட்டிக்குள் அமைதியின்றிச் சுற்றத் தொடங்கும். நோய் என்று பயந்து புதிய இலை வைக்க வேண்டியதில்லை. இது பட்டுப்புழுவைப்போல் கெட்டியான கூடு கட்டாது. தரையில் கிடக்கும் சருகுகளைச் சில இழைகளால் தளர்வாகச் சேர்த்துக்கொண்டு அதற்குள் கூட்டுப்புழுவாகும். சற்றே ஈரமான மண்ணும் அதன்மேல் சருகும் பரப்பினால் போதுமானது. வெப்பமான நாட்களில் ஏறக்குறைய இரண்டு வாரத்தில் கூட்டுப்புழுவின் ஓடு கறுத்து, சிறகின் வண்ணக்கோடுகள் உள்ளிருந்து தெரியத் தொடங்கும்.

அந்த நிலையில் கவனிக்க வேண்டியது ஒன்றே: பூச்சி ஏறித் தொங்குவதற்குச் சொரசொரப்பான குச்சியோ துணியோ பெட்டிக்குள் செங்குத்தாக இருக்க வேண்டும். வெளிவரும்போது சிறகுகள் கசங்கிய சிறு மடல்களாகவே இருக்கும். தொங்கியபடி உடலின் நீரை அவற்றின் நரம்புகளுக்குள் செலுத்தித்தான் பூச்சி அவற்றை விரிக்கிறது. வழுக்கும் பிளாஸ்டிக் சுவரில் ஏற முடியாமல் கீழே கிடந்தால் சிறகு கோணலாகவே இறுகிவிடும், பிறகு அதைச் சரிசெய்ய முடியாது. முழுதும் விரிந்தபின் பச்சை, வெள்ளை, இளஞ்சிவப்பு என்று அலையலையாக ஓடும் அந்தச் சிறகின் வண்ணத்தைப் படத்தில் பார்த்தவர்கள் பாதிதான் பார்த்தவர்கள் என்பேன்.

பட்டுப்பூச்சிக்கு உண்ணும் வாயும் இல்லை, பறக்கும் வலிமையும் இல்லை. வாய் இல்லாதது அதன் இயல்பு; பறக்கும் வலிமையை மனிதன் வளர்த்து வளர்த்துப் போக்கிவிட்டான். அரளிப் பூச்சியோ நீண்ட உறிஞ்சுகுழலுடன் அந்திநேரப் பூக்களைத் தேடும் விரைவாகப் பறக்கும் பூச்சி, ஆகவே கூண்டில் வைத்துக்கொள்வதில் பயனில்லை. இருட்டும் வேளையில் வெளியே விட்டுவிட வேண்டும்.

பெரிய புழுவாகவே கண்டெடுத்து வளர்த்தால், சில சமயம் கூட்டுப்புழுவிலிருந்து பூச்சிக்குப் பதில் ஈக்கள் வரும். பட்டு விவசாயிகளுக்கு, பட்டுப்புழுவின் மேல் முட்டையிட்டு அதை உள்ளிருந்து தின்னும் ஒட்டுண்ணியான ஊசி ஈயால் இந்தத் துயரம் நன்கு தெரியும். 1980ஆம் ஆண்டில் வங்காளத்திலிருந்து கருநாடகத்துக்கு வந்த அந்த ஈக்காகத்தான் புழுவளர்ப்பு மனைகளின் சன்னல்களுக்கு வலை அடிக்கிறார்கள். செடியிலிருந்து முட்டையாகவோ இளம்புழுவாகவோ எடுத்து, மெல்லிய வலைக்குள் வளர்ப்பதே இதற்கு வழி.