அப்பத்தாவின் செம்மண் டப்பா

அப்பத்தா வீட்டு மாடத்தில் மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில் ஒரு பழைய பவுடர் டப்பா இருக்கும். உள்ளே ஓரியூர் செம்மண். ராமநாதபுரம் மாவட்டத்தில், புனித அருளானந்தர் மறைசாட்சியாக உயிர்விட்ட ஊர் அது. எங்களில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் மருந்து கொடுத்த கையோடு அந்த மண்ணில் ஒரு சிட்டிகை எடுத்து, "பிதா சுதன் பரிசுத்த ஆவி" என்று நெற்றியில் சிலுவை போட்டுவிடுவார். பரீட்சைக்குப் போகும் நாளிலும் அப்படித்தான்.

அப்பத்தா இறந்தபின் டப்பா அப்பாவிடம் வந்தது. போன மாதம் என் மகள் அதைத் திறந்து பார்த்துவிட்டு, "தாத்தா, காலியா இருக்கு" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. அவளுக்கு எட்டு வயது. இதுவரை அவளை ஓரியூருக்குக் கூட்டிப் போனதே இல்லை. என்னை என் அப்பத்தா இடுப்பில் தூக்கிப் போய் மொட்டை போட்ட இடம் அது.

ஒரு புதன்கிழமை காலையில் மூன்று பேரும் கிளம்பினோம். திருவாடானை தாண்டியதும் அறுவடை முடிந்த வயல்கள், நீர் வற்றிய கண்மாய், வழியெல்லாம் கருவேலம். "ஏன் புதன்கிழமை?" என்று மகள் கேட்டாள். போர்ச்சுகலிலிருந்து வந்த இயேசு சபைக் குரு ஜான் டி பிரிட்டோதான் இங்கே அருளானந்தர். அவர் தலை வெட்டுண்டது 1693 பிப்ரவரி 4, ஒரு புதன்கிழமை, அதுவும் தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதன் என்று அப்பா சொன்னார். அப்புறம் மறவர் தலைவர் தடியத்தேவர் திருமுழுக்குப் பெற்றது, மனைவியரில் ஒருவரை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்கியது, அவர்களில் ராமநாதபுரம் மன்னர் சேதுபதி வீட்டுப் பெண்ணும் இருந்ததால் மன்னரின் கோபம் அருளானந்தர் மேல் திரும்பியது எல்லாம் சொல்லி முடிப்பதற்குள் கோவில் கோபுரம் தெரிந்துவிட்டது.

எனக்கோ அன்று மனதில் நின்றவர் அருளானந்தருடைய தாய்தான். 1647இல் லிஸ்பனில் பிறந்த பிள்ளைக்குச் சிறு வயதில் கடும் நோய். பிழைத்தால் ஒரு வருஷம் இயேசு சபைத் துறவிகளின் அங்கியை உடுத்திவிடுகிறேன் என்று புனித சவேரியாருக்கு நேர்ந்துகொண்டார். பிள்ளை பிழைத்தான், நேர்ச்சையும் நிறைவேறியது. ஆனால் அதே பிள்ளை வளர்ந்து, நிஜமாகவே அந்த அங்கியை ஏற்று, சவேரியார் போன வழியில் இந்தியாவுக்குப் போகிறேன் என்றபோது தடுக்கப் பார்த்தவரும் அதே தாய்தான். திருத்தந்தையின் தூதர் வரைக்கும் போய் முறையிட்டிருக்கிறார். ஒன்றும் நடக்கவில்லை. 1673இல் மகன் கப்பலேறிவிட்டார். இருபது வருஷம் கழித்து அவர் மறைசாட்சியாக இறந்த செய்தி லிஸ்பனுக்குப் போனபோது, அந்தத் தாய் துக்க உடை உடுத்தாமல் திருநாள் உடையில் அரசவைக்கு வந்தார் என்று சொல்வார்கள்.

சின்ன உடம்புக்கு அந்த அங்கியை மாட்டிவிட்டபோது அவர் என்ன நினைத்திருப்பார்? பிள்ளை பிழைத்தால் போதும் என்றுதான். நாமும் அப்படித்தானே பிள்ளைகளுக்கு செபம் சொல்லிக் கொடுக்கிறோம்? விசுவாசம் அவர்களை எவ்வளவு தூரம் கூட்டிப் போகும் என்று யோசிப்பதில்லை. என் மகள் ஒரு நாள் அப்படி வந்து நின்றால் நான் என்ன சொல்வேன் என்று பூசை முழுக்க நினைத்துக்கொண்டே இருந்தேன். பதில் தெரியவில்லை. தைரியம் மட்டும் கேட்டேன்.

பூசை முடிந்து செம்மண் எடுக்கப் போனோம். அவர் இரத்தம் சிந்தியதால் சிவந்த மண் என்பது மக்கள் நம்பிக்கை. அப்பா முழங்கால் வலியோடு மெல்லக் குனிந்து உட்கார்ந்தார். மகள் டப்பாவைப் பிடித்துக்கொள்ள, அவர் கைப்பிடி கைப்பிடியாக நிரப்பினார். பிறகு அவள் நெற்றியில் சிலுவை போட்டு, "பிதா, சுதன்" என்று ஆரம்பித்தார். அவள் "தந்தை, மகன், தூய ஆவியின் பெயராலே" என்று முடித்தாள். அவள் மறைக்கல்வி வகுப்பில் கற்றது அது. அப்பா சரி என்று தலையாட்டினார்.

திரும்பும் வழியில் மகள், "அப்பத்தா பாட்டி அருள் நிறைந்த மரியே எப்படிச் சொல்லுவாங்க?" என்று கேட்டாள். கடைசிவரை பழைய செபங்களைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார் அப்பத்தா. அப்பா ஜன்னல் பக்கம் பார்த்தபடி, "பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே வாழ்க" என்று தொடங்கினார். பாதியில் குரல் அடைத்துக்கொண்டது. மகள் காத்திருந்தாள். அப்புறம் தானே, "பிரியத்தினாலே..." என்றாள்.

"பிரியதத்தத்தினாலே" என்று திருத்தினார் அப்பா. "மெதுவா சொல்லு. பிரிய... தத்த... தினாலே."

தேவகோட்டை வருவதற்குள் முதல் வரி அவளுக்குப் பாடமாகிவிட்டது. டப்பா அவள் மடியில் இருந்தது.