42 மீட்டருக்கு எத்தனை வாசல்?

பழைய நகரத்தின் நடுவே, வெகுநாளாகப் பூட்டிக் கிடந்த ஒரு கிடங்கு இருந்த மனை. கீழே கடைகள், மேலே 24 வீடுகள் வேண்டும் என்றார் உரிமையாளர். நான் முதலில் கையில் எடுத்தது முகப்பை. அக்கம்பக்கத்துக் கட்டடங்களின் ஜன்னல் வளைவு, ஓட்டுச் சாய்வு, இறவாரத்து வேலைப்பாடு எல்லாவற்றையும் படம்பிடித்து வந்து, 42 மீட்டர் நீளச் சுவர் ஒன்றில் வரிசையாகப் பொருத்தினேன். அழகாகத்தான் இருந்தது. அனுமதி தர வேண்டிய மரபுக் குழுவின் முதல் கூட்டத்தில் மூத்த உறுப்பினர் ஒருவர் வரைபடத்தைப் பார்த்துவிட்டு, "எதிர்ப்பக்கத்தில் எத்தனை வாசல் இருக்கிறது?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

மறுநாள் விடிந்ததும் டேப்போடு போய் அளந்தேன். எதிர்ப்பக்கத்தில் அதே 42 மீட்டருக்குள் ஏழு மனைகள், 13 வாசல்கள். ஒவ்வொரு மனையும் ஏறக்குறைய ஆறு மீட்டர் அகலம். கடைக்கு அகலமான ஒரு வாசல். அதை ஒட்டியே 90 சென்டிமீட்டர் அகலத்தில் இன்னொரு கதவு, உள்ளே நேராக மாடிப்படி. ஒரு வாசற்படிக் கல் நடுவில் மட்டும் கிண்ணம் போலத் தேய்ந்திருந்தது. என் பிளானில் மொத்தம் மூன்றே வாசல்கள். மாடியில் குடியிருக்கப் போகிறவர்களைப் பின்பக்கத்து லிஃப்ட் வழியாக அனுப்பியிருந்தேன். கடை மூடிய பிறகு அந்தத் தெருவில் ஒரு கதவுகூடத் திறந்திருக்காது.

ரோமாபுரியின் துறைமுக நகரமான ஆஸ்டியாவில், இரண்டாம் நூற்றாண்டுக் குடியிருப்புகளிலும் இதே ஏற்பாடுதான்: தெருவைப் பார்த்துக் கடைகள், அவற்றுக்கு இடையே தெருவிலிருந்தே மேலே ஏறும் படிகள். வரலாற்று நகரங்களுக்காக, நினைவுச் சின்னங்களைக் காக்கும் சர்வதேச அமைப்பான இக்கோமாஸ் 1987இல் ஏற்ற சாசனமும், காக்க வேண்டியவற்றில் முதலாவதாக மனைகளும் தெருக்களும் சேர்ந்து தரும் அமைப்பைத்தான் சொல்கிறது. படித்திருந்தேன். ஆனால் டேப் பிடித்த அன்றுதான் அது உறைத்தது.

கட்டடத்தை ஆறு மீட்டர் அகலத்தில் ஏழு கீற்றுகளாகப் பிரித்து மறுபடி வரைந்தேன். உடனே சிக்கல் முளைத்தது. பெரிய கடைக்காரர் நடுவில் தூணே இல்லாத கூடம் கேட்டார். வீடுகளுக்கோ ஆறு மீட்டருக்கு ஒரு சுவர் வேண்டும். அந்தச் சுவர்களைக் கூடத்துக்கு மேலே தாங்க ஒரு மீட்டருக்கு மேல் ஆழமான பீம்கள் தேவை என்றார் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர். இறவாரத்தின் உயரம் ஏற்கெனவே வரையறுக்கப்பட்டிருந்ததால், பீமுக்கு இடம் விட்டால் ஒரு மாடியே போய்விடும். மூன்று வாரம் மண்டையை உடைத்துக்கொண்டோம். கடைசியில் பெரிய கூடத்தை மனையின் உட்புறத்துக்குத் தள்ளி, ஒற்றைத் தளமாக்கினோம். அதன் கூரையே வீடுகளின் முற்றம். தெருவோரம் சிறு கடைகள். வீட்டுச் சுவர்கள் அந்தக் கடைகளின் இடைச்சுவர்களாக நேரே அஸ்திவாரம் வரை இறங்கின. கழிவுநீர்க் குழாய்களும் அந்தச் சுவர்களை ஒட்டியே இறங்கியதால் எந்தக் கடையின் சீலிங் மேலும் குழாய் ஓடவில்லை.

தொல்லியல் துறையின் சோதனைக் குழிகளில் பழைய சுவர் அடித்தளம் ஒன்று தென்பட்டது. மண்ணுக்குள் ஆழமாக இறங்கும் அஸ்திவாரத் தூண்களான பைல்களை நகர்த்தினோம், அவ்வளவுதான். நேரத்தைத் தின்றவை வேறு: புகைபோக்கி, குப்பை அறை, சரக்கு வண்டி. இன்றைக்குத் துணிக்கடையாக இருப்பது நாளைக்கு உணவகமாகலாம். எனவே ஒவ்வொரு கடையிலிருந்தும் கூரை வரை புகை போகும் ஒரு டக்டுக்கு இப்போதே இடம் விட வேண்டும் என்று பிடிவாதமாக நின்றேன். விடாவிட்டால் பின்னால் யாரோ ஒருவர் முகப்பில் தகரக் குழாயை ஏற்றுவார், மேல்வீட்டுக்காரர் ஜன்னலைத் திறக்கவே முடியாது.

சுவிட்சர்லாந்தில் அனுமதிக்கு முன்பே கம்பங்கள் நட்டுக் கட்டடத்தின் உருவத்தை ஊருக்குக் காட்டுவார்கள். அதே முறையில் நாங்களும் கம்பம் நட்டு, இறவார உயரத்தில் கயிறு கட்டினோம். சதுக்கத்திலிருந்து பார்த்தபோது குறையே இல்லை. ஆனால் பின்சந்து வளையும் இடத்தில் மணிக்கூண்டின் கடிகாரத்துக்குக் குறுக்கே கயிறு ஓடியது. கணினிப் படத்தில் அந்த வளைவில் யாரும் நின்று பார்த்திருக்கவில்லை. ஒரு கீற்றில் ஒரு மாடியைக் குறைத்தோம், இரண்டு வீடுகள் போயின. உரிமையாளர் கொதித்தார். அவரையும் அழைத்துப் போய் அந்த வளைவில் நிறுத்தினேன். கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்துவிட்டு, "சரி, 22" என்றார்.

நான்காவது கூட்டத்தில் அனுமதி கிடைத்தது. அதற்குள் 14 மாதங்கள் ஓடிவிட்டன. எங்கள் 42 மீட்டரில் இப்போது 12 வாசல்கள். பதின்மூன்றாவது வர வேண்டிய இடத்தில் மின்மீட்டர் அறை வந்துவிட்டது. அதைப் பின்பக்கம் கொண்டுபோக இன்னும் ஒரு வாரம் போராடியிருக்கலாம்.