சேவல் கூண்டுக்கு மூணாவது தடவையா தரை போட்ட கதை

நம்மகிட்ட ஒரு கிளிமூக்கு விசிறிவால் சேவலும் ரெண்டு பெட்டையும் கெடக்கு. சேவல் மட்டும் நாலே முக்கா கிலோ. கூண்டு கட்டும்போது வலை, கதவு, கூரைன்னு மேல மேலயே பாத்துட்டு தரைய பெருசா யோசிக்கல, கொத்தனார் அண்ணாச்சிய கூப்பிட்டு பத்துக்கு எட்டு அடில சிமெண்ட் போட்டு வழுவழுன்னு பூசி விட்டாச்சு. பாக்க அழகாத்தான் இருந்துச்சு.

2023 டிசம்பர் 17, 18 மழை ஞாபகம் இருக்கும்லா, காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 செண்டிமீட்டர்னு சொன்னாங்களே, அப்பதான் தெரிஞ்சுது. எங்க மானூர் பக்கம் அந்த அளவுக்கு இல்ல, இருந்தாலும் கூண்டு மூலைல நாலு விரக்கடை தண்ணி நிக்கு. அண்ணாச்சி வாட்டம் விட்டுத்தான் இருந்தாரு, ஆனா ஓட்டை ஒரு மூலைல, வாட்டம் எதிர் மூலைக்கு. சேவல தூக்கி திண்ணைல கட்டிப்போட்டு ரெண்டு நாள் அம்மாகிட்ட ஏச்சு வாங்குனேன்.

தண்ணி வடிஞ்ச பிறகும் அந்த மூலை காயவே இல்ல, விசிறிவால் தரைல இழுபட்டு நுனியெல்லாம் எச்சமும் ஈரமுமா ஒட்டிப்போச்சு, அது போதாதுன்னு வலது கால் அடிப்பாதத்துல ஆணி. நடுவுல கருப்பா பொருக்கு, சுத்தி வீக்கம்.

அடுத்து நான் பண்ணது அத விட கூத்து. சிமெண்ட் கடுசா இருக்குன்னு மூணு இன்ச்சுக்கு உமி பரத்துனேன். வெயில் காலத்துல பிரமாதம், காலுக்கும் மெத்துன்னு இருக்கும். ஐப்பசி சாரல் பக்கவாட்டுல அடிச்சு உள்ள வந்ததும் உமி கட்டி கட்டியா எறுகி, காலைல கதவ தொறந்தா கண்ணெரிச்சல், ஒரு மூலைல வெள்ளையா பூஞ்சை வேற. சேவல் கொர்ர்னு மூச்சு விட ஆரம்பிச்சதும் பயந்து அத்தனையும் அள்ளி வெளிய போட்டேன்.

எங்க அத்தான் ஷார்ஜால ஒரு அரபி வீட்டுல பால்கன், அதான் வேட்டைக்கு பழக்குற ராஜாளி, அத பாத்துக்கிடுத வேலைல இருக்காரு. நம்ம நாட்டுல வல்லூறு, ராஜாளி எல்லாம் பிடிச்சு வளத்தா 1972 வனவிலங்கு சட்டத்துல உள்ள போக வேண்டியதுதான், அங்கன்னா அபுதாபியில 1999லேயே அதுகளுக்குன்னு தனி ஆஸ்பத்திரி தொறந்துட்டாங்க. வாட்ஸ்அப்ல கால் போட்டோ அனுப்புனேன், பாத்துட்டு சிரிக்காரு. "மாப்ள, இதே ஆணிதான் இங்க லட்ச லட்சமா குடுத்து வாங்குன பறவைக்கும் வருது." பறவை நாள் பூரா நிக்கிற சாதி, முழு எடையும் அடிப்பாதத்துல ஒரே எடத்துல அழுத்தும், அதுல ஈரத்துல தோல் ஊறுனா சின்ன கீறல் போதும் கிருமி உள்ள போக. அதனால அங்க நிக்கிற கட்டை மேல செயற்கை புல் ஒட்டிருப்பாங்களாம், தரைக்கு மணல் இல்லன்னா உருண்ட கல்லு. உமி, வைக்கோல், மரத்தூள் ஈரமான எடத்துல கூடவே கூடாது, பூஞ்சை நுரையீரல்ல ஏறிரும்ங்காரு. இத ஒரு மாசம் முன்னாடி கேட்டிருக்கணும்.

சரின்னு மூணாவது வேலை. முதல்ல நெனச்சது கூண்டு பக்கத்துல மூணு அடி குழி, ஜல்லி நெரப்பி தண்ணிய அங்கயே உறிய விட்டுறலாம்னு. எங்க தோட்டம் கரிசல், முதல் நாலு குடம் உறிஞ்சுது, அதுக்கப்புறம் மண்ணு உப்பி இறுகி தண்ணி தெப்பம் மாதிரி நிக்கு. செம்மண் காரங்களுக்கு அந்த குழி வேலை செய்யும், நமக்கு ஆகாது. அதனால பழைய தரைய கொத்தி விட்டு மேல புதுசா சிமெண்ட், பத்து அடிக்கு ரெண்டரை இன்ச் வாட்டம், ட்யூப்ல தண்ணி விட்டு நானே மட்டம் பாத்தேன், பூசி முடிச்சு இறுகுன உடனே ஒரு வாளி தண்ணிய ஊத்தியும் பாத்தேன். அண்ணாச்சிக்கு முகம் சுண்டிப்போச்சு, போகட்டும். தாழ்ந்த பக்கம் வாய்க்கால், அங்கேருந்து மூணு இன்ச் பிவிசி பைப்பு இருபது அடி தள்ளி வாழை மூட்டுக்கு.

மேல போட கல்லுதான் பெரிய தலவலி. குவாரி ஜல்லி ஒரு கூடை போட்டு பாத்தேன், ஓரமெல்லாம் பிளேடு, ஆணி வந்த காலுக்கு அது வேற எதுக்கு. ஆத்துல போய் அள்ளவும் முடியாது. கடைசில அப்பா வீடு கட்டுன காலத்துல ஆத்து மணல சலிச்சு ஒதுக்கிப்போட்ட கல்லு கொல்லைல குமிஞ்சு கெடந்தது கண்ணுல பட்டுது! புளியங்கொட்டை அளவுல உருண்டு உருண்டு, ஏழெட்டு சிமெண்ட் சாக்கு தேறுச்சு, கழுவி தெறந்த பாதில ரெண்டு இன்ச்சுக்கு பரத்தியாச்சு. பொடிக்கல்ல கொத்தி முழுங்குது, தப்பில்ல, தீனி அரைக்க அதுக்கு கல்லு வேணும்லா. பால்கனுக்கும் கல்லு முழுங்க குடுத்து மறுநாள் அது கக்கிரும்னு அத்தான் சொல்லுதாரு, நம்ப கஷ்டமாத்தான் இருந்துச்சு. கூரை இருக்க பாதில செங்கல் வரம்பு கட்டி மணல். மணல் வாய்க்காலுக்கு அரிச்சுட்டு போகாம வரம்பு ஓரமா பச்சை வலைய ரெண்டா மடிச்சு வச்சேன். ஏறி நிக்கிற வேப்பங்கட்டைய நாலு அடிலேருந்து ஒன்றரை அடிக்கு இறக்கி மேல செயற்கை புல் ஒட்டியாச்சு, நாலே முக்கா கிலோ நாலு அடிலேருந்து குதிச்சா பாதம் என்னத்துக்கு ஆகும்.

போன வாரம் ரெண்டு மணி நேரம் நல்ல மழை. விட்டு கால் மணி நேரத்துல கல்லுக்கு மேல ஈரம் மட்டும்தான், தண்ணி ஒரு பொட்டு நிக்கல. வாழை வேற சும்மா திமுதிமுன்னு வருது. ஆணிக்கு உப்பு வெந்நீர்ல கழுவி பெட்டாடின் போட்டுட்டு வாரேன், பொருக்கு உதிர்ந்து தோல் மூடுது. வாலுக்கு அடுத்த இறகு உதிர்ப்பு வரைக்கும் பொறுக்கணும்.

இதுல வேடிக்கை, இவ்வளவு பாடுபட்டு போட்ட கல்லுல பெட்டைங்கதான் மேயுது, சேவல் மணல விட்டு நகருறதே இல்ல. வாரம் ஒரு தடவ ஓஸ் பிடிச்சு கல்ல அடிச்சு கழுவலன்னா அடில எச்சம் தங்கி நாத்தம் வருது. இன்னொண்ணு பைப்பு வாய். பாம்பு, கீரி ஏறிரக்கூடாதுன்னு அரை இன்ச் வலை கட்டுனேன், அதுல இறகு வந்து அடைக்கு. ஞாயித்துக்கிழமை கழத்தி மாட்டுற மாதிரி கூடை ஒண்ணு செஞ்சு உள்பக்கமே வச்சு பாக்கணும்.