விஸ்காம் சேருகிறீர்களா? கேமராவுக்கு முன்னால் மைக் வாங்குங்கள்

பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால் பாளையங்கோட்டையில் விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன், காட்சித் தொடர்பியல் பட்டப்படிப்பு) விண்ணப்பம் வாங்கும்போதே, கேமராவுக்கு என்ன செய்வது என்ற கவலையும் வீட்டுக்குள் வந்துவிடுகிறது. நகையை அடகு வைத்து வாங்கிக் கொடுக்கும் பெற்றோரும் இருக்கிறார்கள். தயவுசெய்து அவசரப்படாதீர்கள். முதல் வருடத்துக்குக் கையில் இருக்கும் போன் போதும். முதலில் வாங்க வேண்டியது ஒரு வயர் காலர் மைக்கும், காதை முழுக்க மூடும் ஹெட்போனும்தான். மைக் ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும்.

காரணம் இருக்கிறது. படம் கொஞ்சம் மங்கலாக இருந்தால் பார்ப்பவர் பொறுத்துக்கொள்வார். பேச்சு புரியவில்லை என்றால் அடுத்த வீடியோவுக்குப் போய்விடுவார். மாணவர் குறும்படங்களும் ஆவணப்படங்களும் பெரும்பாலும் தோற்பது ஒலியில்தான்.

பத்தமடையில் பாய் நெய்யும் அக்கா ஒருவரைப் பேட்டி எடுக்கப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வீட்டுக்குள் நுழைந்ததும் தலைக்கு மேலே பாருங்கள். மின்விசிறி ஓடும். அந்த இரைச்சல் காதுக்குப் பழகிவிட்டதால் நமக்குத் தெரியாது. மைக் எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளும். "அக்கா, மூணு நிமிஷம் மட்டும் ஃபேனை அமத்திக்கிடலாமா?" என்று கேளுங்கள். நம்மூர் வெயிலில் அதற்கு மேல் யாரையும் புழுங்கவிடக் கூடாது. மூன்று நிமிடம் பதிவு, பிறகு ஃபேன், மறுபடி மூன்று நிமிடம்.

மைக்கை நாடிக்குக் கீழே ஒரு சாண் தூரத்தில் குத்துங்கள். சேலை முந்தானை உரசினால் வரும் கரகரப்பை எந்த எடிட்டிங்கிலும் முழுதாக எடுக்க முடியாது. மைக் வயரைத் துணிக்கு உள்ளே விட்டு, ஒரு சுற்று தளர்வாக வைத்து டேப் ஒட்டுங்கள். பதிவு மீட்டரில் ஒலி அளவின் உச்சம் மைனஸ் 12 டெசிபலை ஒட்டி நிற்கட்டும். மீட்டரின் மேல் எல்லையான பூஜ்யத்தைத் தொட்டால் குரல் உடையும், உடைந்த குரலை மீட்க வழி இல்லை. போனை ஏர்பிளேன் மோடில் போட மறக்காதீர்கள். கிளம்பும் முன் எல்லோரும் வாயை மூடிக்கொண்டு, அந்த அறையின் அமைதியை மட்டும் 30 நொடி பதிவு செய்யுங்கள். வெட்டி ஒட்டும்போது விழும் ஓட்டைகளை அடைக்க அதுதான் உதவும். அவசரத்தில் எல்லோரும் விட்டுவிடுவது இதைத்தான்.

டியூப்லைட் வெளிச்சத்தில் எடுத்தால் படத்தில் பட்டை பட்டையாகக் கோடு ஊரும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். போன் தானாக நொடிக்கு 30 ஃபிரேமில் ஓடுவதால் இரண்டும் ஒத்துப்போவதில்லை. நொடிக்கு 25 ஃபிரேம், ஷட்டர் வேகம் 1/50 நொடி என்று வைத்தால் சரியாகிவிடும்.

ஆனி, ஆடியில் பணகுடி, செங்கோட்டை பக்கம் வெளியில் பதிவு செய்பவர்களுக்கு இன்னொன்று: கணவாய்க் காற்றுக்கு மைக்கின் ஸ்பாஞ்ச் உறை காணாது. முடி வைத்த உறை போட்டு, காற்றுக்கு முதுகு காட்டி ஆளை உட்கார வையுங்கள்.

முதல் வருடத் தியரியில், செய்தி எப்படிப் போய்ச் சேருகிறது என்று விளக்கும் மாடல் ஒன்று வரும்; அமெரிக்கக் கணிதவியலாளர் கிளாட் ஷானன் 1948இல் சொன்னது. அனுப்புபவர், வழி, பெறுபவர், நடுவில் இரைச்சல். தேர்வுக்குப் படம் வரைந்து மனப்பாடம் செய்துவிட்டு மறந்துவிடுகிறார்கள். அந்த இரைச்சல்தான் பத்தமடை வீட்டின் மின்விசிறி. இதைப் புரிந்து படித்தால் தியரித் தாள் சுமையாக இருக்காது.

கேள்வி கேட்பதிலும் பழக்கம் வேண்டும். "இந்தத் தொழில் எப்படி இருக்கு?" என்றால் "ஏதோ ஓடுது" என்று முடித்துவிடுவார்கள். "கோரையை எத்தன நாள் ஊறப் போடுவீங்க, கூடிப்போனா என்ன ஆகும்?" என்று கேளுங்கள், கை தானாகக் கோரையை எடுத்துக் காட்டும், பேச்சு பின்னாலேயே வரும். பதிவை வீட்டுக்கு வந்து அப்படியே எழுத்தில் இறக்குங்கள். பத்து நிமிடப் பேச்சுக்கு ஒரு மணி நேரம் பிடிக்கும். அலுப்பான வேலைதான், ஆனாலும் எங்கே வெட்டுவது என்பது தாளில்தான் தெரியும். அவர் பேசிய நெல்லைப் பேச்சைத் திருத்தி எழுதாதீர்கள். உங்கள் குரலில் வரும் விவரணை மட்டும் எழுத்துத் தமிழில் இருந்தால் போதும்.

ஊடகச் சட்டத்தை 'பாஸ் ஆனால் போதும்' என்று பலர் தள்ளிவிடுகிறார்கள். யூடியூப் சேனல் நடத்தும் மாணவர்களுக்கு இதுதான் முதல் தேவை. பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்ட குழந்தையின் பெயர், முகம், பள்ளி, குடும்பம், தெரு எதையும் வெளியிடக் கூடாது என்கிறது 2012 போக்சோ சட்டத்தின் 23ஆவது பிரிவு. பெயரை மறைத்துவிட்டு வீட்டு வாசலைக் காட்டினாலும் குற்றமே.

மெமரி கார்டை அழிக்கும் முன் இரண்டு இடத்தில் பிரதி இருக்கிறதா என்று பாருங்கள். மூன்றாம் வருடம் இன்டர்ன்ஷிப் கேட்டுப் போகும்போது நீளமான ஷோரீல் (எடுத்த காட்சிகளின் தொகுப்பு வீடியோ) வேண்டாம். இரண்டு நிமிடப் பேட்டி ஒன்று, ஒரு பக்கச் செய்தி ஒன்று, ஐந்து புகைப்படம். பேட்டியை ஹெட்போனில் போட்டுக் காட்டுங்கள்.