ஒரு மணி நேர வெளிச்சம்

நான்கு வருடமாக எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் டிஎன்டி (டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்) ஐந்தாம் பதிப்புதான். ஆளுக்கொரு கதாபாத்திரமாகி, டைஸ் உருட்டி ஆடும் கதை ஆட்டம் அது. கதையை நடத்தும் கேம் மாஸ்டர் நான். போன சனிக்கிழமை முதல் முறையாக அதை ஒதுக்கி வைத்துவிட்டு ஷேடோடார்க் ஆடினோம். கெல்சி டியான் எழுதி 2023-இல் வந்த, அதே வகை ஆட்டம். தொடக்க விதிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. அவற்றை அச்செடுத்து வைத்துக்கொண்டோம்.

கேரக்டர் போடப் பத்து நிமிடம்தான். வலிமை, அறிவு மாதிரியான ஆறு திறன்களுக்கும் மூன்று ஆறுமுக டைஸை உருட்டி, வந்த எண்ணை வந்த வரிசையிலேயே எழுத வேண்டும். ஆறு எண்ணில் ஒன்றுகூட 14-ஐத் தொடாவிட்டால் மறுபடி உருட்டலாம். ஒன்பதாவது படிக்கும் அண்ணன் மகளுக்கு வலிமை 7, உடல் உறுதி 6, அறிவு 15. எப்போதும் வில்லோடு வருகிறவள், வேறு வழியில்லாமல் மந்திரவாதி ஆனாள். உயிர்ப்புள்ளி ஒன்றே ஒன்று. "ஒண்ணுதானா அத்தை?" என்று இரண்டு முறை கேட்டாள்.

சரி, எனக்கு இந்த ஆட்டத்தைப் பிடித்துப்போனதற்குக் காரணம் தீப்பந்தம். ஐந்தாம் பதிப்பில் குள்ளர், எல்ஃப் மாதிரியான கற்பனை இனக் கேரக்டர்களுக்கு இருட்டில் கண் தெரியும். அதனால் எங்கள் மேசையில் வெளிச்சத்தைப் பற்றி யாரும் பேசியதே இல்லை. இங்கே வீரர்கள் எந்த இனமானாலும் இருட்டில் பார்க்க முடியாது. பந்தம் ஒரு மணி நேரம் எரியும் என்றால், நம் வீட்டுச் சுவர்க் கடிகாரப்படி ஒரு மணி நேரம்.

6:20-க்கு, கேரக்டர்கள் நிலவறைக்குள் நுழைந்ததும், போனில் டைமரை ஓடவிட்டு மேசை நடுவில் வைத்தேன். ஒரு கதவைத் திறப்பதா வேண்டாமா என்று அரை மணி நேரம் வாதாடுகிற கூட்டம் இது. அன்றைக்கு, "சித்தப்பா, சீக்கிரம் சொல்லுங்க" என்று அவள் என் தம்பியை விரட்டிக்கொண்டே இருந்தாள். அம்மா கொண்டுவந்த பஜ்ஜி ஆறிப்போனது.

ஆறாவது அறையில் ஒரு வெள்ளிச் சிலை. இந்த ஆட்டத்தில் கேரக்டரின் நிலை உயர வேண்டிய அனுபவப் புள்ளி கிடைப்பது புதையலுக்கு. அரக்கனைக் கொன்றால் ஒன்றும் கிடையாது. எனவே சிலையை விட மனமில்லை. ஆனால் ஒருவர் சுமக்கும் பொருளுக்கும் கணக்கு உண்டு. திருடனாக ஆடிய தம்பியின் நண்பரிடம் பத்து இடமும் நிரம்பியிருந்தது. மிச்சமிருந்த இரண்டு பந்தத்தையும் கீழே போட்டுவிட்டுச் சிலையை எடுத்துக்கொண்டார். "வந்த வழிதானே, போயிடலாம்" என்றான் தம்பி.

திரும்பும் வழியில், ராட்சத எலிகளோடு சண்டை நடக்கும்போது அலாரம் அடித்தது. அறையில் ஒரு சத்தம் இல்லை. அண்ணன் மகளிடம் ஒளி மந்திரம் இருந்தது. இருபதுமுக டைஸில் 9 வந்தால் போதும். வந்தது 6. தவறினால் ஓய்வெடுக்கும்வரை அந்த மந்திரம் கிடையாது.

அப்புறம் நடந்ததை நான் எதிர்பார்க்கவே இல்லை. உள்ளே நுழைந்தது முதல் அவள் கணக்கு நோட்டில் வரைபடம் போட்டுக்கொண்டே வந்திருக்கிறாள். கட்டங்களை எண்ணி, "நேரா ஆறு, இடது பக்கம் மூணு" என்று இருட்டில் மற்ற இருவரையும் நடத்திக்கொண்டு போனாள். முழு இருட்டில் ஒவ்வொரு சுற்றுக்கும் ஏதாவது எதிர்ப்படுகிறதா என்று நான் உருட்டிப் பார்க்க வேண்டும். மூன்றாவது சுற்றில் எதிர்ப்பட்டது. வாசலுக்கு நான்கு கட்டம் முன்னால் மந்திரவாதி விழுந்தாள். டைஸை உருட்டியதில், உடல் உறுதி 6-க்கான குறைப்பு போக, உயிர் பிரிய ஒரே ஒரு சுற்று. தம்பி காப்பாற்ற முயன்றான். 15 வேண்டிய இடத்தில் 9.

மாற்றிச் சொல்லலாமா என்று ஒரு கணம் கை தயங்கியது. டைஸ் எல்லோர் கண்ணெதிரே கிடந்தது, மாற்றவில்லை.

முதல் நிலை மந்திரவாதிக்கு இருப்பதே மூன்று மந்திரம். ஒரு தவறிய உருட்டலில் ஒன்று போய்விடுவது அதிகம் என்றுதான் இன்னமும் நினைக்கிறேன். தொடக்க விதிகளில் மந்திரவாதி, திருடன் மாதிரியான கேரக்டர் வகைகள் நான்குதான் என்பது தம்பிக்குக் குறை; கேரக்டரை இழைத்து இழைத்துச் செதுக்குவதில் அவனுக்கு அவ்வளவு ஆசை. ஆனால் அடுத்த சனிக்கிழமையும் இதுதான் என்று மூவரும் சொல்லிவிட்டார்கள்.

அண்ணன் மகள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு டைஸை இழுத்து ஒரு பூசாரியை உருட்டினாள். அவளுடைய பொருள் பட்டியலின் முதல் வரி: பந்தம் 4.